அறைகலன் இசையும் மூன்று இசைத்தட்டுகளும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரங்குகளின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எத்தனை பேர் கேட்டனர், எத்தனை தட்டுகள் விற்றன, எந்த அரசு அல்லது எந்த நிறுவனம் பரிசு வழங்கியது என்பனவே அவர்தம் அளவுகோல்கள். சிலரே கேட்ட இசைக்கு அந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம் கிடைப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பிறந்து, ஓசையின்றி மறைந்து, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தாரால் தேடி எடுக்கப்பட்ட ஓர் இசைப்போக்கைப் பற்றியது இக்கட்டுரை. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவும் நண்பர்கள் உண்டு. ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் எழுதிச் சென்ற சில பக்கங்களை, கடல் கடந்த ஒரு நாட்டின் இளைஞர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பது அடிப்படையில் ஒரு வாசிப்பின் வரலாறுதான். அந்த அளவில் அது நம்முடைய பொருளே.

அந்தப் பிரெஞ்சுக்காரர் எரிக் சாத்தி. 1866இல் ஒன்ஃப்ளோர் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். பாரிஸ் இசைக்கல்லூரியில் ஆசிரியர்கள் அவரைச் சோம்பேறி என்று ஒதுக்கினர். மொன்மார்த்ரில் ‘கறுப்புப் பூனை’ என்னும் கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்துப் பிழைத்தார். 1888இல் அவர் எழுதிய மூன்று ‘ஜிம்னோபெடி’கள் இன்று உலகெங்கும் ஒலிக்கின்றன. அன்று அவற்றைக் கேட்டோர் சிலரே. நண்பர் தெபுஸ்ஸி அவற்றுள் இரண்டை இசைக்குழுவுக்கென மாற்றி எழுதிய பின்னரே ஓரளவு பேசப்பட்டன. பின்னாளைய இசைப் பிரதிகள் பலவற்றில் தாளத்தைப் பிரிக்கும் கோடுகளே இல்லை. வாசிப்பவருக்கான குறிப்புகளோ வேடிக்கையும் குழப்பமும் கலந்தவை. தம் 39ஆம் வயதில் மாணவர்களோடு மாணவராக அமர்ந்து மீண்டும் இசையிலக்கணம் பயின்றார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இலக்கணம் தெரியாமல் மீறியவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அவர் முன்வைத்த ‘அறைகலன் இசை’ என்னும் கருத்தாகும். நாற்காலியை நாம் உற்றுநோக்கிக் கொண்டிருப்பதில்லை. அது அறையில் இருக்கிறது, அறைக்கு ஓர் அமைதியைத் தருகிறது. இசையும் அவ்வாறு இருக்கலாகாதா என்பது சாத்தியின் கேள்வி. 1920ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாரிஸ் ஓவியக்கூடம் ஒன்றில், நாடகத்தின் இடைவேளையின்போது, நண்பர் மியோவுடன் சேர்ந்து அதைச் செய்தும் பார்த்தார். இசை தொடங்கியதும் வந்திருந்தோர் மரியாதையாக இருக்கைக்குத் திரும்பி மௌனமாயினர். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி அவர்களை வேண்டிக்கொண்டார். பயனில்லை. பழகிய அவை கேட்டே தீர்ந்தது. இசை வரலாற்றின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சி இதுவே என்பது என் எண்ணம். இதனுள் ஒரு துயரும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

1925இல் சாத்தி மறைந்தார். ஆர்க்கேய் என்னும் புறநகரில் அவர் குடியிருந்த அறைக்குள் இருபத்தேழு ஆண்டுகளாக வேறெவரும் நுழைந்ததில்லை. நண்பர்கள் கதவைத் திறந்து பார்த்தபோது தூசியும், குடைகளும், கண்ட கண்ட இடங்களில் செருகிக் கிடந்த கையெழுத்துப் படிகளுமே எஞ்சியிருந்தன. மறதிக்கு எதிரான முதல் தேடல் அவ்வறையிலேயே தொடங்கிற்று எனலாம்.

ஜப்பானுக்கும் பிரெஞ்சு இசைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் பழையது. தெபுஸ்ஸி தம் ‘கடல்’ என்னும் படைப்பின் 1905ஆம் ஆண்டு அச்சுப்படிக்கு ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தையே அட்டையாகக் கொண்டார். சாத்தியின் இசை ஜப்பானுக்குச் சென்றதோ வேறொரு வழியில், தலைநகரைத் தொடாமல். 1934இல் வடகோடியில் உள்ள சப்போரோ நகரில் இருபது வயது இளைஞர் சிலர் தற்கால இசை விழா ஒன்றை நடத்தினர். அவருள் ஒருவர் ஹயசாக்கா ஃபுமியோ, மற்றொருவர் இஃபுக்குபே அக்கிரா. அவ்விழாவில் சாத்தியின் பியானோ இசை வாசிக்கப்பட்டது. இவ்விருவரின் பெயர் நம்மவர்க்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயின் குரோசாவாவின் ‘ரஷோமோன்’, ‘ஏழு சாமுராய்’ ஆகிய படங்களைக் கண்டோர் ஹயசாக்காவின் இசையைக் கேட்டவர்களே. இஃபுக்குபே 1954ஆம் ஆண்டின் ‘காட்ஸில்லா’வுக்கு இசையமைத்தவர். திரையிசையின் பெரும் பெயர்கள் இரண்டும் தம் இளமையில் ஒதுக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரரைத் தேடிப் பிடித்தன என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. ஹயசாக்கா காசநோயால் 1955இல் மறைந்தார்.

அடுத்த வழி அமெரிக்காவின் ஊடாக வந்தது. ‘எரிச்சல்கள்’ என்று பெயரிடத்தக்க சாத்தியின் சிறு பியானோத் துணுக்கு ஒன்று அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 840 முறை திரும்ப வாசிப்பதைப் பற்றிய குறிப்பொன்று அதில் உண்டு. அது கட்டளையா கேலியா என்பது இன்றும் வழக்குக்குரியது. 1949இல் அதை வெளிவரச் செய்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். 1963 செப்டம்பரில் நியூயார்க்கின் சிறு அரங்கொன்றில் பியானோக் கலைஞர்கள் முறைவைத்து அமர்ந்து, பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக 840 முறையும் வாசித்து முடித்தனர். அவர்களுள் ஒருவர் வேல்ஸ் நாட்டு இளைஞர் ஜான் கேல். சில காலத்திலேயே அவர் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ என்னும் ராக் குழுவில் வயோலா வாசித்தார். பின்வந்த பங்க் இசைக்கு அக்குழுவே பாட்டனார் என்பதில் இசை எழுத்தாளரிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. செவ்வியல் இசையும் பங்க் இசையும் வெவ்வேறு உலகங்கள் என்று நினைப்போர் இந்த ஓர் இரவை எண்ணிப் பார்த்தல் நலம்.

கேஜ் 1962 அக்டோபரில் ஜப்பானுக்குச் சென்றார். அவரை அழைத்தது டோக்கியோவின் சோகெத்சு கலை மையம். மலரலங்காரக் கலைப்பள்ளி ஒன்றன் கிளை அது. அப்பயணம் விளைத்த கலக்கத்தைத் திறனாய்வாளர் யொஷிதா ஹிதெகாசு ‘கேஜ் அதிர்ச்சி’ என்று குறித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கேஜ் எங்குச் சென்றாலும் சாத்தியின் பெயரும் உடன் சென்றது.

1970களில் அது வேர் விட்டது. அக்கியாமா குனிஹாரு என்னும் திறனாய்வாளரின் முயற்சியால் 1975 முதல் ஷிபுயாவின் ‘ஜான் ஜான்’ அரங்கில் சாத்தியின் படைப்புகள் தொடர் நிகழ்ச்சிகளாக வாசிக்கப்பட்டன. தக்காஹாஷி அக்கி பியானோவில் அமர்ந்தார். அவருடைய தமையன் தக்காஹாஷி யூஜியும் சாத்தியை இசைத்தட்டில் பதிந்தவர். ‘ஜான் ஜான்’ ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இயங்கிய சிற்றரங்கு. 1969இல் திறந்து 2000இல் மூடப்பட்டது. நாடகம், நாட்டுப்பாடல், ராக், செவ்வியல் இசை யாவும் அங்கு அடுத்தடுத்த நாள்களில் நடந்தேறின. ஒரே கதவின் வழியே எல்லா வகைக் கேட்போரும் நுழைந்தனர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கலைவடிவம் இன்னொன்றோடு உறவு கொள்வது பெரும்பாலும் கொள்கையால் அன்று, இடத்தால்.

அதே ஆண்டுகளில்தான் பங்க் இசையும் அந்நகரை எட்டியது. நியூயார்க்கில் வாசித்துத் திரும்பிய ரெக்கு என்பவரின் ‘ஃப்ரிக்‌ஷன்’ போன்ற குழுக்களை 1979இல் ‘டோக்கியோ ராக்கர்ஸ்’ என்னும் தொகுப்புத் தட்டு அறிமுகப்படுத்தியது. ‘ஃப்ரிக்‌ஷன்’ குழுவின் முதல் தட்டைத் தயாரித்தவர் தெபுஸ்ஸியில் தோய்ந்து வளர்ந்த சக்காமோத்தோ ரியூயிச்சி. 2023இல் மறைந்த அவரை நம் திரையிசை அன்பர் பலரும் அறிவர். ஒசாக்காவில் ‘ராக் மேகசின்’ இதழின் ஆசிரியர் அகி யுசுரு, 1978இல் ‘வேனிட்டி’ என்னும் சிறு பதிப்பகத்தைத் தொடங்கி, ‘ஆன்ட் சாலி’ முதலிய குழுக்களின் தட்டுகளைச் சிறு எண்ணிக்கையில் வெளியிட்டார்.

இங்குப் பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். போருக்குப் பிந்தைய ஜப்பானிய நடுத்தரக் குடும்பங்களில் மகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்புவது மதிப்பின் அடையாளமாக இருந்தது. மணப்பெண்ணின் தகுதிகளுள் ஒன்றாகவும் அது எண்ணப்பட்டது. அவ்வகுப்புகளில் விரல் தேய்ந்த தலைமுறைப் பெண்கள், பங்க் வந்ததும் வேறு மேடைகளில் ஏறினர். ‘செல்டா’, ‘மிசுத்தாமா ஷோபோதான்’ ஆகியவை முழுக்கப் பெண்களே நடத்திய குழுக்கள். இவ்வரிசையில் வருவதே ‘சபோத்தென்’. ‘கள்ளி’ என்பது பெயரின் பொருள். 1980களின் தொடக்கத்தில் இயங்கிய இக்குழுவின் பெண்கள் ராக் கருவிகளில் சாத்தியை வாசித்தனர். ‘ஃப்ளோர் எ சாத்தி’ என்று தம் தட்டுக்குப் பெயரும் இட்டனர்.

இது வெறும் விந்தையா? அன்று என்று கருதுகிறேன். சாத்தியின் இசையை வாசிக்க மின்னல் வேக விரல்கள் தேவையில்லை. தேர்வு நடுவர்களை மகிழ்விக்கும் வித்தைகளும் அதில் இல்லை. ஆயினும் அதை நன்றாக வாசிப்பது கடினம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சுரம் வேண்டும். கல்லூரியால் சோம்பேறி எனப்பட்டவர், கேளிக்கை விடுதியில் பிழைத்தவர், தம் பிரதிகளிலேயே இசைப் பெரியோரைக் கேலி செய்தவர். பங்க் தலைமுறை அவரில் தன் மூத்தோனைக் கண்டதில் வியப்பில்லை. பியானோ வகுப்பு எந்தச் செவ்வியல் இசையை ஒரு கடமையாகத் திணித்ததோ, அந்த இசையின் உள்ளிருந்தே ஒரு கலகக்காரரை அப்பெண்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டனர். மரபை எறிந்துவிடுவதைக் காட்டிலும் இது நுட்பமான கலகம்.

இவ்வலையின் அமைதியான கரைக்கு இனி வருவோம். டோக்கியோவின் இக்கெபுக்குரோப் பகுதியில் உள்ள செய்பு பேரங்காடி 1975இல் தன் மேல்தளத்தில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தைத் திறந்தது. அங்காடியின் தலைவர் த்சுத்சுமி செய்ஜி, த்சுஜீ தக்காஷி என்னும் புனைபெயரில் அறியப்பட்ட கவிஞரும் ஆவார். துணிக்கடையும் கவிதையும் ஒரே கையில் இருந்த அரிய காட்சி அது. அங்கிருந்த ‘ஆர் விவான்’ என்னும் கலைநூல் கடையில், எளிதில் கிடைக்காத வெளிநாட்டு இசைத்தட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அக்கடையில் பணியாற்றியவர் அஷிகாவா சத்தோஷி. 1953இல் பிறந்தவர். சாத்தியின் அறைகலன் இசை, கேஜின் மௌனம், ஒலிச்சூழல் பற்றிய கனடா நாட்டு மரி ஷேஃபரின் சிந்தனை, பிரையன் ஈனோ 1978இல் வெளியிட்ட ‘விமான நிலையங்களுக்கான இசை’ ஆகிய நான்கும் அவர் உள்ளத்தில் ஒன்று கலந்தன. ஒலிகள் மிகுந்துவிட்ட நகரில் இன்னொரு ஒலியைச் சேர்ப்பவன் பொறுப்போடு சேர்க்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இதற்கென ‘சவுண்ட் பிராசஸ்’ என்னும் சிறு அமைப்பை நிறுவி, ‘அலைகளின் குறியீட்டு முறை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வரிசையைத் தொடங்கினார். அவ்வரிசையில் வந்தவை மூன்றே தட்டுகள்.

முதலாவது யொஷிமுரா ஹிரோஷியின் ‘ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை’, 1982. 1940இல் யோக்கஹாமாவில் பிறந்த யொஷிமுராவும் சாத்தியின் அன்பர். ஷினகாவாவில் 1938இல் கட்டப்பட்ட ஒரு தனியார் மாளிகை 1979இல் ஹாரா தற்காலக் கலை அருங்காட்சியகமாக மாறியிருந்தது. அதன் சாளரங்களின் வழியே தெரியும் மரங்களையும் வானத்தையும் எண்ணி, மின்பியானோ ஒன்றும் ஒலிநாடாக் கருவியும் கொண்டு யொஷிமுரா சில சிறு தொடர்களை இசைத்துப் பதிந்தார். அருங்காட்சியகத்தில் அது ஒலித்தபோது, இத்தட்டு விலைக்குக் கிடைக்குமா என்று வந்தோர் கேட்டனர். அவ்வாறே அது தட்டாயிற்று. மேகம், பனிக்கட்டி, நகரத்துப் பனி, என் சாளரத்துக் காட்சி என்னும் வகையிலான தலைப்புகள். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு தொடரை எடுத்து, சற்றே மாற்றி மாற்றித் திரும்பச் சொல்கிறது. ஹைக்கூ என்ற பெயரில் மூன்று வரிகளுக்குள் முடிவுரையையும் திணிக்கும் நம் கவிஞர்கள் சிலருக்கு இத்தட்டைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்.

இரண்டாவது அஷிகாவாவின் சொந்தப் படைப்பு, ‘அசைவற்ற வழி’ எனலாம். அதுவும் 1982இல் வந்ததே. அதில் பங்குகொண்ட தாளக்கருவிக் கலைஞர் தக்காடா மிதோரி, அடுத்த ஆண்டில் ‘கண்ணாடியின் ஊடே’ என்னும் தம் தட்டை இரண்டே நாள்களில், எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிந்தார். அது பெரும் நிறுவனத்தின் வெளியீடு. எனினும் விற்பனை மிகக் குறைவு.

1983இல் அஷிகாவா சாலை விபத்தில் இறந்தார். முப்பது வயதளவே ஆகியிருந்தது. மூன்றாவது தட்டு அவர் இறந்த பின், 1984இல் வெளிவந்தது. அது புதுப் படைப்பன்று. ஷிபானோ சத்சுக்கி என்னும் இளம் பியானோக் கலைஞர் வாசித்த எரிக் சாத்தி. வரிசை தன் ஊற்றுக்கண்ணுக்கே திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் மறந்தனர்? தொகை குறைவு என்பது ஒரு காரணம். குறுந்தகடு வந்து கருந்தட்டுகளை ஒழித்த காலம் என்பது மற்றொன்று. விற்காத தட்டைக் குறுந்தகடாக மாற்ற எவரும் முன்வரவில்லை. இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று எனக்குத் தெரிகிறது. 1980களின் பொருளாதாரப் பெருக்கத்தில் இந்த அமைதியை நிறுவனங்கள் விலைக்கு வாங்கின. யொஷிமுரா 1984இல் ஒப்பனைப் பொருள் நிறுவனம் ஒன்றுக்காகவும், 1986இல் வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்காகவும் இசை அமைத்தார். அவற்றின் தரத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் வீட்டோடும் நறுமணத்தோடும் சேர்த்து அளிக்கப்படும் இசையைப் படைப்பு என்று கருதித் திறனாய்வு எழுதுவோர் எவர்? நாற்காலியாக இருக்க விரும்பிய இசை உண்மையிலேயே நாற்காலியாக நடத்தப்பட்டது. மேலே சுட்டிய துயர் இதுவே. 1920இல் கேட்காதீர்கள் என்று கெஞ்சியும் மக்கள் கேட்டனர். 1980களில் எவரும் கெஞ்சாமலே கேளாதிருந்தனர்.

யொஷிமுரா 2003இல் காலமானார். மறுகண்டுபிடிப்பு அதற்குப் பின்னரே வந்தது. 2010 அளவில் அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஸ்பென்சர் டோரன் என்னும் இசைக்கலைஞர் இத்தகைய ஜப்பானியத் தட்டுகளைத் தேடித் தொகுத்துப் பலர் கேட்கச் செய்தார். 2017இல் அவர் நண்பருடன் சேர்ந்து நிறுவிய பதிப்பகம் ‘ஒன்பது அஞ்சலட்டைகளை’ மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பதிப்பகத்தின் பெயர் ‘குறிகளின் பேரரசு’. ஜப்பானைப் பற்றி ரோலான் பார்த் 1970இல் எழுதிய நூலின் பெயர் அது. அதே 2017இல் தக்காடாவின் தட்டும், 2019இல் அஷிகாவாவின் தட்டும் மறுவாழ்வு பெற்றன. 2019இல் ‘கன்க்யோ ஒங்காக்கு’, அதாவது சூழலிசை என்னும் பெயரில் டோரன் தொகுத்த பெருந்தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இதற்கிடையே, காணொளித் தளங்களின் கணிப்பொறிகள் தாமே முடிவு செய்து இவ்விசையை இலட்சக்கணக்கானோர்முன் கொண்டுசென்றன. தேடாதவர்க்கும் கிடைத்தது.

தக்காடா இதைக் கண்டார். மீண்டும் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். ஒசாக்காவின் அகி யுசுரு 2018இல் மறைந்தார். வேனிட்டி தட்டுகளின் முழுத்தொகுப்புகள் அதன் பின்னரே வெளிவந்தன. இத்தகைய கணக்கைப் பார்க்கையில் மறுகண்டுபிடிப்பு என்னும் சொல்லின்மீது எனக்குச் சிறு வெறுப்பு எழுகிறது. தொலைந்தவை என்று நாம் சொல்பவை அவற்றை ஆக்கியோரிடம் தொலையாமலே இருந்தன. கேட்க வராத செவிகளே தொலைந்திருந்தன.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். மீட்கப்பட்டது முழுமையும் அன்று. மென்மையான பாதி முன்னே வந்து, உறக்கத்துக்கும் படிப்புக்கும் உகந்த பின்னணி என்று பெயர் பெற்றுவிட்டது. கள்ளியின் முள்ளைப் போன்ற மறுபாதி, கரடுமுரடான விரல்களால் சாத்தியை வாசித்த அப்பெண்களின் பாதி, இன்னும் அதே அளவு புகழ் பெறவில்லை. ஆயின் ஒரே நகரில், ஒரே ஆண்டுகளில், ஒரே இசைப் பிரதிகளின் முன் அமர்ந்தவர்கள் இவ்விரு சாராரும். ஒருவர் அப்பிரதிகளில் அமைதியைப் படித்தார், மற்றவர் கேலியைப் படித்தார். சாத்தியிடம் இரண்டும் உண்டு. ஒன்றை விட்டு மற்றதைக் கேட்பது, சிலேடையின் ஒரு பொருளை மட்டும் உரைத்துவிட்டு நகரும் உரையாசிரியரின் செயலை ஒக்கும்.

இடங்கள் பல இன்றில்லை. செய்புவின் அருங்காட்சியகம் 1999இல் மூடப்பட்டது. யொஷிமுராவின் இசை முதலில் ஒலித்த ஹாரா அருங்காட்சியகத்தின் ஷினகாவா மாளிகை 2021 ஜனவரியில் தன் கதவைச் சாத்தியது. ஆனால் மூன்றாவது தட்டில் சாத்தியை வாசித்த ஷிபானோ சத்சுக்கி பியானோவை விட்டுவிடவில்லை. 2019இல், அதே தலைமுறைச் சூழலிசைக் கலைஞரான ஓஜிமா யொஷியோவுடன் சேர்ந்து, டோரனின் இருவர் குழுவோடு அவர் ஒரு புதிய தட்டை வெளியிட்டார். தேடி வந்தவரும் தேடப்பட்டவரும் ஒரே அறையில் அமர்ந்து வாசித்த அத்தட்டின் பெயர் ‘செரெனித்தாத்தெம்’. அமைதி என்று பொருள்படும் இலத்தீன் சொல்.